திங்கட்கிழமையின் சங்கல்பம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில், விளக்கேற்றி வைத்த பிறகு, மறுநாளைக்கு வேண்டிய மாவை அரைத்து வழித்துப் பாத்திரத்தில் மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட உட்காரும் வேளையில், வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் அனைவருடைய உள்ளத்திலும் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே வந்து குடிபுகுவதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். விடுமுறை கழிந்துவிட்டதே என்னும் பாரம் ஒன்று. இந்த வாரமாவது விடியற்காலையில் எழுந்துவிட வேண்டும், கிடப்பில் போட்ட காரியத்தை முடித்துவிட வேண்டும், யாரிடமும் சிடுசிடுக்காமல் இருந்துவிட வேண்டும் என்னும் ஆசை மற்றொன்று. பாரத்தை விலக்கி ஆசையை வளர்த்துக்கொள் என்று உபதேசிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆனால் அந்தப் பாரம் உண்மையில் எங்கிருந்து வருகிறது, அந்த ஆசைக்குப் பலம் எவ்வளவு, எத்தனை நாள் அது தாங்கும், எதனோடு சேர்ந்தால் அது செயலாக முதிர்கிறது என்பவற்றையெல்லாம் பரீட்சை செய்து அளந்து பார்த்தவர்கள் விஞ்ஞானிகளே. அவர்கள் கண்டவற்றில் சில, நாம் வழக்கமாகக் கேட்கும் உபதேசங்களுக்கு நேர்மாறாகவும் இருக்கின்றன.

முதலில் வாரம் என்பதையே சற்று ஆராய்வோம். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவதால் நாள் உண்டாகிறது. சந்திரன் வளர்ந்து தேய்வதால் மாதம் உண்டாகிறது. பூமி சூரியனை வலம்வருவதால் ஆண்டு உண்டாகிறது. வாரத்துக்கோ ஆகாயத்தில் இப்படிப்பட்ட காரணம் ஏதும் இல்லை. சந்திரனின் மாதத்தை நான்காக வகுத்ததே வாரம் என்பாரும் உண்டு. ஆயினும் அம்மாதம் ஏறக்குறைய 29½ நாள் கொண்டதாகையால், நான்கு ஏழுகளைக் கழித்த பிறகும் ஒன்றரை நாள் மிஞ்சிக் கணக்கைக் குலைத்துவிடுகிறது. ஏழாம் நாளை ஓய்வுநாளாகக் கொண்டாடிய யூதர்களின் வழக்கமும், கிரேக்க ரோமானிய உலகத்துச் சோதிடர்களின் கிரகக் கணக்கும் ஒன்றோடொன்று கலந்து உருவாகியதே இன்று உலகெங்கும் வழங்கும் வாரம். அச்சோதிடர்கள், மெதுவாக நகரும் சனியை முதலிலும் விரைவாக நகரும் சந்திரனை இறுதியிலுமாக வைத்து, சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று ஏழையும் வரிசைப்படுத்தி, நாளின் 24 மணிகளையும் அந்த வரிசைப்படியே பங்கிட்டுக் கொடுத்து, ஒரு நாளின் முதல் மணிக்கு எது அதிபதியோ அதன் பெயரையே அந்த நாளுக்கு இட்டார்கள். 24-ஐ ஏழால் வகுத்தால் மூன்று மிஞ்சும். ஆகவே சனியில் தொடங்கிய நாளுக்கு அடுத்த நாள், மூன்று இடம் தள்ளிச் சூரியனிலும், அதற்கடுத்த நாள் மேலும் மூன்று இடம் தள்ளிச் சந்திரனிலும் தொடங்குகிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இன்றும் அச்சாகிவரும் ஹோரை என்னும் சொல், பொழுதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே.

இந்தக் கணக்கு நம் தேசத்துக்கு வந்து வேரூன்றியதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஏரண் என்னும் ஊரில், புதகுப்த மன்னன் காலத்துத் தூணில், கி.பி. 484-ஆம் ஆண்டுக்குரிய ஒரு தேதி வியாழக்கிழமை என்று குறிக்கப்பட்டுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியருளிய கோளறு பதிகத்தின் முதற்பாட்டில் கோள்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் வாரநாட்களின் முறையே. இறைவன் உள்ளத்தில் புகுந்துவிட்ட அடியாருக்கு எல்லா நாளும் நல்ல நாளே என்பது அப்பதிகத்தின் கருத்து. அந்த மனோபாவத்தை நாடித்தான் இன்றும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதைப் பாராயணம் செய்கிறார்கள்.

மனிதன் கட்டியதை மனிதனே இடித்துவிடலாம் என்று எண்ணி முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல் பத்து நாள் கொண்ட வாரத்தை அமுல்படுத்தினார்கள். ஒன்பது நாள் உழைத்த பிறகே ஓய்வு என்ற அந்த ஏற்பாடு ஜனங்களின் மனத்தில் ஒட்டவேயில்லை, 1806 பிறந்ததும் அந்தப் பஞ்சாங்கமே கைவிடப்பட்டது. சோவியத் ரஷ்யாவில் 1929-இல், ஆலைகள் ஒருநாளும் நிற்கலாகாது என்ற நோக்கத்தோடு, ஐந்து நாள் வாரம் ஒன்றை வகுத்து, தொழிலாளரை ஐந்து கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு நிறமும் நிறத்துக்கு ஓர் ஓய்வுநாளுமாக அளித்தார்கள். கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு வேறொரு நாளும் ஓய்வு வாய்த்த குடும்பங்கள் எத்தனை! இரண்டாண்டுகளுக்குப் பின் அது ஆறு நாள் வாரமாக மாறி, 1940 ஜூன் மாதத்தில் பழைய ஏழு நாள் வாரமே திரும்பி வந்தது. ஆகாயத்தில் ஆதாரமற்ற ஒரு காலக்கூறு அரசாங்கங்களையும் எதிர்த்து நிலைபெற்றிருக்கிறதென்றால், அது மனித மனத்தில் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த ஆழத்தை எண்களால் அளந்து காட்டியவர்கள், அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெங்சென் டாய், கேத்ரீன் மில்க்மன், ஜேசன் ரீஸ் என்னும் மூவர். 2014-இல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சி, மனிதர் தம்மைத் திருத்திக்கொள்ள எந்தெந்த நாட்களில் முனைகிறார்கள் என்பதை ஆராய்ந்தது. உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கூகிளில் தேடுவோர் தொகை வாரத்தின் தொடக்கத்தில் சுமார் 14 சதவீதம் உயர்ந்தது. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் தொகையோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. மாதப் பிறப்பு, ஆண்டுப் பிறப்பு, கல்விப் பருவத்தின் தொடக்கம், அவரவர் பிறந்தநாளை அடுத்துவரும் நாட்கள் ஆகியவற்றிலும் இவ்வாறே உற்சாகம் எழுவதைக் கண்டார்கள். பிறந்தநாட்களில் 21-ஆவது ஒன்றுக்கு மட்டும் இந்தக் குணம் இல்லை. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்த அனுமதி கிடைக்கும் வயது அது என்பதை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும்.

இதற்கு அவர்கள் கூறும் விளக்கம் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. நாம் நம் வாழ்க்கையை ஒரே நீரோட்டமாக எண்ணுவதில்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தே எண்ணுகிறோம். புதிய அத்தியாயம் ஒன்று தொடங்குகையில், சென்ற வாரத்தில் சோம்பிக் கிடந்தவனும் கோபித்துக் கொண்டவனும் முந்தைய அத்தியாயத்துப் பாத்திரமாகி ஒதுங்கிவிட, அவனுடைய குற்றங்குறைகளை நம்முடையவையாகச் சுமக்காமல் ஒரு சுத்தமான ஏட்டைத் திறந்த நிம்மதி உண்டாகிறது. நாளின் பெயர் ஒன்றே இதற்குப் போதுமானது என்பதையும் அவர்கள் மற்றொரு பரீட்சையில் காட்டினார்கள். ஒரே தேதியைச் சிலரிடம் மார்ச் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை என்றும், வேறு சிலரிடம் வசந்தகாலத்தின் முதல் நாள் என்றும் குறிப்பிட்டு, தங்கள் இலட்சியத்தை நினைவூட்டும் செய்தி அன்று வேண்டுமா என்று கேட்டபோது, வசந்தத்தின் பெயரைக் கேட்டவர்களே அதிகமாக விரும்பினார்கள். ஆகவே திங்கட்கிழமையன்று நம் உள்ளத்தில் எழும் நம்பிக்கையை வெறும் பிரமை என்று தள்ளிவிடுவது தவறு. அது உண்மையான ஒரு சக்தி.

இனிப் பாரத்தைப் பார்ப்போம். திங்கட்கிழமைதான் வாரத்தில் மனச்சோர்வு மிக்க நாள் என்பது மேல்நாட்டிலும் கீழ்நாட்டிலும் பரவிய அபிப்பிராயம். ஆர்தர் ஸ்டோன் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவில் 3,40,000 பேரிடம் தொலைபேசி வாயிலாக, முந்தைய நாள் முழுவதும் மனநிலை எவ்வாறு இருந்தது என்று விசாரித்துத் திரட்டிய விடைகளை 2012-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். சனி ஞாயிறுகளில் மகிழ்ச்சி மிகுந்திருந்தது. வெள்ளிக்கிழமையும் ஓரளவு மேலாகவே இருந்தது. ஆனால் திங்கட்கிழமை, செவ்வாய் புதன் வியாழன் ஆகிய நாட்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருக்கவில்லை. விடுமுறையின் உயரத்திலிருந்து இறங்குகிற முதற்படி அதுவாகையால் நம் ஞாபகத்தில் அது மட்டும் பள்ளமாகப் பதிந்துவிடுகிறது போலும். இந்த முடிவைப் படித்ததும் எனக்கு உண்டான ஆறுதல் சொல்லி முடியாது.

ஆயினும் தேகத்தின் சாட்சியம் சற்று வேறானது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து மாரடைப்புப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், வேலைக்குச் செல்வோரிடையே திங்கட்கிழமையன்று மாரடைப்பு ஏற்படும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியிருப்பதை 1994-இல் அறிவித்தார்கள். மனம் தன் நிலைமையை நன்றென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேகம் எதனுடனோ போராடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போராட்டத்துக்குரிய காரணங்களில் ஒன்று நமக்குள் ஓடும் கடிகாரம். மூளையின் அடிப்புறத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருந்துகொண்டு, தூக்கம், உடல்வெப்பம், சுரப்புநீர்கள் யாவற்றுக்கும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதன் இயல்பான சுற்று, சராசரியாக 24 மணி 11 நிமிஷம் என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் கணக்கிட்டார்கள். நாள்தோறும் காலை வெயில் கண்ணில் பட்டு அந்தப் பதினொரு நிமிஷத்தைத் திருத்திக் கொடுக்காவிட்டால், கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போகும்.

சனிக்கிழமை இரவு நாம் செய்வது என்ன? வேலைநாட்களில் பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிற ஒருவர், விடுமுறையில் பன்னிரண்டரைக்குப் படுத்து எட்டரைக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தூக்கத்தின் நடுப்பொழுது இரண்டு மணியிலிருந்து நாலரை மணிக்குத் தள்ளிப்போகிறது. சென்னைக்கும் மாஸ்கோவுக்கும் கடிகாரத்தில் உள்ள வேற்றுமை அதே இரண்டரை மணிதான். ஆகவே அவர் தம் கட்டிலை விட்டு நகராமலேயே மாஸ்கோவுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை விடியலில் ஊர் திரும்பிய பிரயாணியின் களைப்போடு அலுவலகத்துக்குப் புறப்படுகிறார். முனிச் நகரத்து டில் ரோன்னபெர்க் என்னும் விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 2006-இல் இந்த நிலைக்குச் சமுதாய விமானக் களைப்பு என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். வாரக்கடைசியில் வெயில் ஏறும்வரை தூங்கியவர்களின் உட்கடிகாரம் பின்தங்கிவிடுவதையும், அடுத்த வாரத்தின் முற்பகுதியில் அவர்களைத் தூக்கக் கலக்கம் வாட்டுவதையும் ஆஸ்திரேலியாவில் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தார் பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள். தன்னை எழுப்ப வந்த தாயிடம் எரிந்து விழும் பிள்ளையை நாம் திங்கட்கிழமைகளில் எத்தனை முறை சோம்பேறி என்று ஏசியிருக்கிறோம்! அவனுடைய உட்கடிகாரத்தில் அப்போது நடுநிசி கழிந்து சில நாழிகையே ஆகியிருக்கும். விடுமுறையிலும் வழக்கமான நேரத்துக்கு ஒரு மணிக்குள்ளாகவே எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் சற்று நேரம் நடந்துவிட்டு வருவது, திங்கட்கிழமையை மலர்ந்த முகத்தோடு வரவேற்பதற்கு எந்த உற்சாக மொழியைக் காட்டிலும் மேலான உபாயம் என்று நான் நம்புகிறேன்.

பாரத்தின் வேர் பெரும்பாலும் தேகத்தில் இருக்க, ஆசையின் வேர் மனத்தில் இருக்கிறது. அதைப் போஷிப்பதில்தான் நாம் பெரும்பிழை செய்கிறோம். நல்லதையே நினை, வெற்றியை மனக்கண்ணால் கண்டுகொண்டே இரு, அது தானே வந்தடையும் என்று பலரும் கூறுகிறார்கள். ஜெர்மனியில் பிறந்த கேப்ரியேல் ஓட்டிங்கன் என்னும் மனோதத்துவ அறிஞர், தாமஸ் வாடன் என்பவரோடு சேர்ந்து 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த உபதேசத்தை உரைத்துப் பார்த்த உரைகல். உடல் எடையைக் குறைக்கச் சிகிச்சைக்கு வந்த 25 பெண்மணிகளிடம் அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே விசாரித்தார்கள். சிகிச்சையால் எடை குறையும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது ஒன்று. எடை குறைந்த பிற்பாடு தோழியோடு உலாவுவதாகவும், தின்பண்டத்தின் முன் அமர்ந்திருப்பதாகவும் கற்பனை செய்யச் சொன்னால், உள்ளத்தில் தோன்றும் சித்திரம் எவ்வளவு இன்பமயமாக இருக்கிறது என்பது மற்றொன்று. ஓராண்டு கழித்து நிறுத்துப் பார்த்தபோது, நம்பிக்கை மிகுந்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 12 கிலோ அதிகமாகக் குறைந்திருந்தார்கள். ஆனால் இன்பக் கற்பனை மிகுந்தவர்களோ மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இழந்திருந்தார்கள்.

நம்பிக்கையும் கற்பனையும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? நம்பிக்கை, கடந்தகால அநுபவத்தின் மேல் கால்வைத்து நின்று எதிர்காலத்தை நோக்குகிறது. கற்பனையோ இடைவழியை விட்டுவிட்டு நேரே பந்தியில் போய் அமர்ந்துகொள்கிறது; உண்டதாகவே பாவித்த மனம் உலையேற்ற ஏன் எழுந்திருக்கும்? 2011-இல் ஓட்டிங்கனும் ஹெதர் காப்பஸும் செய்த பரீட்சைகளில், இனிய கற்பனையில் ஆழ்ந்தவர்களின் இரத்த அழுத்தமே சற்றுத் தாழ்ந்தது. காரியத்துக்கு முனையும் தேகத்தில் எழவேண்டிய விறுவிறுப்பு அவர்களிடம் எழவில்லை. ஞாயிறு இரவில் வரப்போகும் வாரத்தைப் பொன்மயமாகக் கண்டு மகிழ்ந்து தூங்கியவர், திங்கள் மாலைக்குள் தளர்ந்துபோவதன் மர்மம் இதில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் ஆசையை அடக்கிவிட வேண்டுமோ எனில், அதுவும் இல்லை. ஓட்டிங்கன் கண்ட வழி, விரும்பும் பயனை முதலில் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டு, உடனே அதற்கு எதிரில், நம்மிடத்திலேயே குறுக்கே நிற்கும் தடை எது என்று நேர்மையாக ஆராய்ந்து அதையும் அருகில் வைத்துப் பார்ப்பது. இரண்டையும் ஒருங்கே காணும் மனம், தாண்டக்கூடிய தடையாயின் முன்னினும் உறுதி கொள்கிறது. தாண்டவே முடியாததாயின் அந்த ஆசையைக் கைவிட்டு வேறொன்றில் திரும்புகிறது. இந்த வரிசை முக்கியம். தடையை முதலில் எண்ணிப் பின்பு பயனை எண்ணினால் அதே பலன் கிட்டுவதில்லை என்கிறார்கள்.

தடையைக் கண்ட பிறகு செய்யவேண்டியதை வகுத்துக் கொடுத்தவர், ஓட்டிங்கனின் கணவரும் மற்றொரு மனோதத்துவ ஆசிரியருமான பீட்டர் கோல்விட்சர். இன்னதை அடையவேண்டும் என்ற தீர்மானம் வேறு. இன்ன இடத்தில், இன்ன பொழுதில், இன்னது நேர்ந்தவுடன் இன்னதைச் செய்வேன் என்ற தீர்மானம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இந்த வேற்றுமையின் வலிமையைக் காட்ட, வாரத்தைப் பற்றிய நம் பேச்சுக்கே மிகப் பொருத்தமான ஒரு பரீட்சை, ஸாரா மில்ன் முதலிய மூவரால் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியாயிற்று. மாணவர்கள் 248 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, வரும் வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிஷம் தேகப்பயிற்சி செய்கிறார்களா என்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லப்படாத கூட்டத்தில் 38 சதவீதத்தினர் செய்தார்கள். பயிற்சியால் இருதய நோய் விலகும் என்று விரிவாக எடுத்துரைத்து ஊக்கமூட்டப்பட்ட இரண்டாவது கூட்டத்தில் செய்தவர்கள் 35 சதவீதமே. அதே ஊக்கவுரையோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லப்பட்ட மூன்றாவது கூட்டத்தில் செய்தவர்களோ 91 சதவீதம்! முதல் இரண்டு கூட்டத்தாருக்கும் மனம் இல்லாமல் போகவில்லை. இரண்டாவது கூட்டத்தார் செய்யவேண்டும் என்ற எண்ணத்தை உறுதியாகவே கொண்டிருந்தார்கள். அந்த எண்ணத்துக்கு நிற்க ஓர் இடமும் வந்திறங்க ஒரு நேரமும் குறிக்கப்படவில்லை, அவ்வளவே.

இத்தகைய 94 பரீட்சைகளை ஒருசேரத் தொகுத்து ஆராய்ந்து, 2006-இல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இந்த யுக்தியின் பயனை உறுதிப்படுத்தினார்கள். மாணவர் கூட்டத்தைக் கடந்து பெரிய ஜனத்தொகையில் பரீட்சித்தபோது பயன் இவ்வளவு பிரமாதமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்றில், ஃப்ளூ தடுப்பூசிக்குச் செல்லும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளத் தூண்டப்பட்டவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 37 சதவீதம். தூண்டப்படாதவர்களில் 33 சதவீதம். ஆயினும் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதுவதற்குச் செலவென்ன? கிடைத்த நாலு சதவீதம் நோயிலிருந்து காக்கப்பட்ட மனிதர்களல்லவா?

வைதிகக் கிரியைகளில் பூஜைக்கு முன்னர்ச் சங்கல்பம் செய்துகொள்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். எந்தத் தேசத்தில், எந்த வருஷத்தில், எந்த அயனத்தில், எந்த மாதத்தில், எந்தத் திதியில், எந்த வாரநாளில் என்று இடத்தையும் காலத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகே, இன்ன காரியத்தைச் செய்கிறேன் என்ற வாக்கியம் வருகிறது. அது நிகழும் கணத்தைக் குறிப்பது. கோல்விட்சர் கூறுவது இனி வரப்போகும் கணத்தைக் குறிப்பது. ஆகவே இரண்டும் ஒன்றென்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் இடமும் காலமும் சொல்லப்படாத எண்ணம் சங்கல்பமாகாது என்ற உணர்வு அச்சொல்லுக்குள் இருந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது அச்சொல்லின்மேல் எனக்குத் தனிப்பற்று உண்டாகிறது.

எழுதி வைப்பதால் மற்றொரு நன்மையும் உண்டு. பெர்லினில் கர்ட் லெவினிடம் பயின்ற ப்ளூமா ஜெய்கார்னிக் என்னும் அம்மையார், முடிந்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே மனத்தில் அதிகமாக நிற்கிறது என்று 1927-இல் எழுதினார். பின்வந்த பரீட்சைகள் எல்லாம் அதை ஒரேமாதிரியாக ஆதரிக்கவில்லை. ஆயினும் முடியாத காரியம் வேறு வேலையின் நடுவே வந்து மனத்தை அரிப்பது நம் அநுபவத்தில் பிரத்தியட்சம். 2011-இல் மாஸிகம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர், அந்தக் காரியத்தை முடிக்காமலே, எப்போது எப்படி முடிப்பது என்று திட்டம் வகுத்துக்கொண்ட மாத்திரத்தில் அரிப்பு அடங்கிவிடுவதைக் கண்டார்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூங்கவைத்து, மூளையின் மின்னலைகளை இரவு முழுவதும் பதிவுசெய்து நடத்திய ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. படுக்குமுன் ஐந்து நிமிஷம், இனிச் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிஷம் முன்னதாகவே கண்ணயர்ந்தார்கள். விவரமாக எழுதியவர்களே விரைவாகத் தூங்கினார்கள் என்பது இதிலுள்ள நுட்பம். ஞாயிறு இரவின் பாரத்தில் தேகத்துக்குரிய பங்கு போக மிஞ்சுவது இந்த எழுதப்படாத காரியங்களின் கனம் என்றே நான் எண்ணுகிறேன்.

புதுத் தொடக்கத்துக்கு ஒரு தீமையும் உண்டென்பதை மறைக்கலாகாது. செவ்வாய்க்கிழமை ஒருமுறை தவறிவிட்டால், சரி, அடுத்த திங்கட்கிழமை முதல் பார்த்துக்கொள்வோம் என்று நடுவிலுள்ள ஐந்து நாட்களையும் தாரைவார்த்துவிடுகிறோம். நன்றாக நடந்துகொண்டிருக்கும் காரியத்தைப் புதுத் தொடக்கம் கெடுத்துவிடவும் கூடும். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில், ஒரு லீக்கிலிருந்து மற்ற லீக்குக்கு மாற்றப்படும் ஆட்டக்காரருக்கு அப்பருவத்தின் கணக்கு சூனியத்திலிருந்து தொடங்குகிறது. ஹெங்சென் டாய் இந்தக் கணக்குகளை ஆராய்ந்ததில், மோசமாக ஆடிவந்தவர்கள் மாற்றத்துக்குப் பின் தேறினார்கள். சிறப்பாக ஆடிவந்தவர்களோ தளர்ந்தார்கள். ஆகவே நல்லபடியாக நடந்துவரும் பழக்கத்தை, வாரம் பிறந்தது என்பதற்காகக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டியதில்லை. தவறியவருக்கோ, லண்டனில் ஃபிலிப்பா லாலி முதலியோர் 96 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி பெரிய ஆறுதல். ஒரு புதிய செயல் தானே நிகழும் பழக்கமாக முதிர நடுத்தரமாக 66 நாளும், மிகக் குறைந்தது 18 நாளும், மிக அதிகமாக 254 நாளும் ஆயின. இடையில் ஒரு நாள் தவறியதால் அந்த முதிர்ச்சி பெரிதும் பாதிக்கப்படவில்லை. 66 நாள் என்பது ஒன்பது வாரத்துக்கு மேல். ஒரே ஒரு திங்கட்கிழமையின் உற்சாகம் அத்தனை தூரம் வாராது, ஒன்பது பத்துத் திங்கட்கிழமைகள் கைமாற்றிக் கொடுத்தே அதைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, ஞாயிறு மாலைகளில் நான் குறிப்பேட்டில் எழுதும் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம், இவ்வாரம் உடல்நலத்தைப் பேணவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கோடிட்டு வைப்பேன். புதன்கிழமையன்று அந்தப் பக்கத்தைத் திறக்கவும் மனம் வராது. இப்போது முதல் வரியில் பயனை எழுதுகிறேன்: முழங்கால் வலியின்றிக் கோயில் படிகளை ஏறவேண்டும். இரண்டாவது வரியில் தடை: எழுந்தவுடன் செய்தித்தாளைக் கையில் எடுத்துவிட்டால் ஏழு மணிவரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. மூன்றாவது வரியில் சங்கல்பம்: திங்கட்கிழமை காலை, எதிர்வீட்டு அம்மாள் வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டவுடன், செருப்பை மாட்டிக்கொண்டு குளக்கரையை இரண்டு முறை சுற்றி வருவேன், மழை பெய்தால், மொட்டைமாடிப் படிக்கட்டில் இருபது முறை ஏறி இறங்குவேன். எழுதி முடித்ததும் செருப்பை எடுத்து, வாசற்கதவின் அருகே, செய்தித்தாள் வந்து விழும் இடத்தின் மேலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.